மணிலாக்கொட்டையும் மார்செய் சவுக்காரமும்

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்து மக்கள் நிலக்கடலையை அப்பெயரால் அழைப்பது அரிது. அவர்களுக்கு அது மணிலாக்கொட்டை. நாவில் உருண்டு தேய்ந்து மல்லாக்கொட்டையாகவும் மல்லாட்டையாகவும் அது வழங்கும். தென்னமெரிக்காவில் தோன்றிய பயிர், பிலிப்பைன்ஸ் தீவின் மணிலாத் துறைமுகப் பெயரைத் தாங்கித் தென்னார்க்காட்டுச் செம்மண்ணில் வேரூன்றிய வரலாற்றை அந்த ஒரு சொல் நமக்கு உணர்த்துகிறது.

இன்று நம் இல்லங்களின் குளியலறைகளில் புட்டிகள் வரிசையாக நிற்கின்றன. முகம் கழுவ ஒன்று, தலை கழுவ ஒன்று, குழந்தைக்கென்று தனியாக ஒன்று. ஏறக்குறைய எல்லாவற்றிலும் 'மென்மையானது' என்னும் சொல் பொறிக்கப்பட்டுள்ளது. அழுக்கைப் போக்கும் ஒரு பொருள் தோலுக்கு மென்மையாய் இருப்பது எங்ஙனம்? அச்சொல்லை நம்பி விலை கொடுக்கும் குடும்பங்கள் கேட்க வேண்டிய கேள்வி இது. விடை தேடிப் புறப்பட்டால் வழி நம் மணிலாக்கொட்டைக் களத்திலிருந்தே தொடங்குகிறது.

புகைவண்டி ஏறிய கடலை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னார்க்காடு மாவட்டம் சென்னை மாகாணத்தின் தலையாய நிலக்கடலைப் பிரதேசமாக வளர்ந்தது. அதற்கு வாய்த்த வாயில், பிரெஞ்சுக்காரர் ஆட்சியிலிருந்த புதுச்சேரித் துறைமுகம். 1879ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் விழுப்புரத்திற்கும் புதுச்சேரிக்கும் இடையே புகைவண்டிப் பாதை திறக்கப்பட்டது. சிற்றூர்க் களங்களில் உடைத்துப் பருப்பாக்கிய கடலை மூட்டை மூட்டையாக வண்டியேறிக் கடற்கரையை அடைந்தது. அங்கிருந்து கப்பலேறிப் பிரான்சின் தென்கோடியிலுள்ள மார்செய் நகரத்தை அடைந்தது.

மார்செய் சவுக்காரத்தால் புகழ்பெற்ற நகரம். பதினான்காம் லூயி மன்னர் காலத்தில், 1688ஆம் ஆண்டு பிறந்த அரசாணை, அங்குச் சவுக்காரம் செய்வோர் ஒலிவ எண்ணெயைத் தவிர வேறெந்தக் கொழுப்பையும் சேர்க்கலாகாது என்று விதித்தது. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தேவை பெருகியபோது ஒலிவம் மட்டும் போதவில்லை. முதலில் மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் கடலையும், பின்னர் நம் பகுதிக் கடலையும் எள்ளும் அந்நகரத்து ஆலைகளில் பிழியப்பட்டன. விழுப்புரத்து உழவன் வியர்வை சிந்தி விளைவித்த கொட்டை, மத்தியதரைக் கடலோரத்தில் சவுக்காரக் கட்டியாகி ஐரோப்பிய மக்களின் மேனியைத் தூய்மைசெய்தது.

திண்டிவனத்தில் பின்னாளில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் எழுந்ததும் இந்த மண்ணின் தகுதி கருதியே. 1940ஆம் ஆண்டு வெளிவந்து நாடெங்கும் பரவிய 'டி.எம்.வி. 2' என்னும் கடலை இரகத்தின் பெயரிலுள்ள மூன்று எழுத்துகளும் திண்டிவனத்தையே குறிக்கின்றன.

சாபூனும் அல்கலீயும்

மார்செய் நகரத்திற்கு முன்பே இக்கலை கீழைநாடுகளில் செழித்திருந்தது. சிரியாவின் ஹலப் நகரமும் பலஸ்தீனத்தின் நாபுலுஸ் நகரமும் ஒலிவ எண்ணெய்ச் சவுக்காரத்திற்குப் பெயர்போனவை. ஹலப் நகரத்தார் அதனுடன் மணமுள்ள 'கார்' என்னும் மரத்தின் காயெண்ணெயையும் சேர்ப்பர். கொப்பரையில் நாட்கணக்காகக் காய்ச்சித் தரையில் பரப்பிக் கட்டிகளாக அறுத்து, கோபுரம்போல் அடுக்கி, மாதக்கணக்கில் உலரவிடுவது வழக்கம். இவ்விரு நகரங்களின் சவுக்காரக் கலையையும் யுனெஸ்கோ நிறுவனம் 2024ஆம் ஆண்டு மானிடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்துச் சிறப்பித்தது.

சவுக்காரத்தை அரபுமொழி 'சாபூன்' என்கிறது. அதற்கு இன்றியமையாத காரத்தை இன்று உலக மொழிகளெல்லாம் 'அல்கலி' என்கின்றன. அது 'அல்கலீ' என்ற அரபுச் சொல்லே. உவர்நிலச் செடிகளை எரித்துப் பெறும் சாம்பலுக்கு அரபிகள் இட்ட பெயர் அது. நம் கடலோர உவர்நிலங்களில் தழைக்கும் உமரிச்செடியும் அத்தகைய செடிகளின் உறவே. 1791ஆம் ஆண்டு பிரெஞ்சு அறிஞர் நிக்கோலா லெப்லாங்க் சாதாரண உப்பிலிருந்து சோடாக் காரம் செய்யும் முறைக்கு உரிமை பெற்ற பிறகே, செடிச் சாம்பலை நம்பியிருக்கும் நிலை மாறிச் சவுக்காரம் பெருந்தொழிலாயிற்று.

எண்ணெயும் காரமும் சேர்ந்தால் என்ன நிகழ்கிறது என்பதை மிஷேல் ஷெவ்ரல் என்னும் அறிஞர் 1823ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் விளக்கினார். ஒவ்வோர் எண்ணெயும் கொழுப்பு அமிலங்களும் கிளிசரினும் இணைந்தது. காரம் அந்த இணைப்பை அறுக்கிறது; கிளிசரின் விலக, அமிலம் காரத்தோடு கூடிச் சவுக்காரமாகிறது.

அவ்வாறு பிறந்த துகளுக்கு ஒரு தலையும் ஒரு வாலும் உண்டு. தலை நீரை நாடும். வால் நீரை வெறுத்து எண்ணெயை நாடும். தோலில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கில் வால்கள் புதைய, தலைகள் நீர்ப்பக்கம் நிற்க, பிசுக்கு சிறுசிறு உருண்டைகளாகப் பிரிந்து நீரோடு போய்விடுகிறது. இவ்வகைப் பொருள்களுக்கெல்லாம் பரப்புச் செயலிகள் என்று பெயர்.

வாலின் நீளம் எண்ணெய்க்கு எண்ணெய் மாறும். நிலக்கடலை எண்ணெயில் ஏறத்தாழப் பாதி ஓலியிக் அமிலம். அதன் வாலில் 18 கரியணுக்கள். ஒலிவ எண்ணெயில் அது இன்னும் மிகுதி. தேங்காயெண்ணெயில் பாதியளவு லாரிக் அமிலம். அதன் வாலில் 12 கரியணுக்களே. குட்டை வால் கொண்ட சவுக்காரம் உப்புநீரிலும் நுரைக்கும். ஆனால் தோலுக்குள் எளிதில் நுழைந்து எரிச்சலூட்டும். நீண்ட வாலுடையது நுரையில் குறைந்தாலும் தோலிடம் அத்தனை கடுமை காட்டாது. மென்மையைப் பற்றிய முதற்பாடம் இங்கேயே கிடைத்துவிடுகிறது: பொங்கும் நுரையைக் கொண்டு பொருளின் குணத்தை அளக்கலாகாது.

பட்டுச் சேலை சொல்லும் பாடம்

கடலை கப்பலேறிய அந்நாளில் அதை விளைவித்தவர்களின் இல்லங்களில் சவுக்காரம் அரிய பொருள். சலவைத் தொழிலாளர் உவர்மண்ணை நம்பினர். உவர்மண்ணில் தோய்த்த துணிகளை வெள்ளாவியில் வைத்து அவித்துத் துவைத்தால் பருத்தித்துணி வெண்மையாகும். ஆனால் அதே காரம் அத்தொழிலாளரின் விரலிடுக்குகளை அரித்துப் புண்ணாக்கியது. இயற்கை தந்த மண்தான் எனினும் அது மென்மையானதன்று.

இதை நம் பாட்டிமார் நன்கறிந்திருந்தனர். ஆகவேதான் பட்டுச் சேலையை அவர்கள் வெள்ளாவிக்கு அனுப்பவில்லை. பூந்திக்கொட்டையை ஊறவைத்துப் பிசைந்து, அந்த நுரைநீரில் அலசினர். பொற்கொல்லர் நகைகளின் அழுக்கைப் போக்கவும் அதே கொட்டையைக் கொண்டனர். தலைமுடிக்குச் சீயக்காயும் அரப்பும். மேனிக்குக் கடலைமாவும் பயற்றம்மாவும்.

பட்டு ஒரு புரதப்பொருள். நம் முடியும் புரதமே. மேல்தோலின் பெரும்பகுதியும் புரதமே. காரம் புரதத்தை ஊதச்செய்து நலிவிக்கும். பட்டுக்கு ஆகாதது தலைக்கும் ஆகாது என்ற அனுபவ அறிவு, வேதியியல் நூலெதையும் புரட்டாமல் அடுப்பங்கரையில் பிறந்தது.

இப்பொருள்கள் யாவும் ஒரே விதமாய் வேலை செய்வதில்லை. மாவும் களிமண்ணும் எண்ணெயை உறிஞ்சி எடுப்பவை. சீயக்காயும் பூந்திக்கொட்டையும் நீரில் நுரைப்பவை. அவற்றில் சபோனின் என்னும் பொருள் இருக்கிறது. சபோனினுக்கும் தலையும் வாலும் உண்டு. எனினும் அதன் தலை கார உப்பாலானது அன்று. சருக்கரைத் துகள்களின் கோவை. பூந்தி மரத்தின் அறிவியற் பெயராகிய 'சாப்பிண்டஸ்' என்பதன் பொருளே 'இந்தியச் சவுக்காரம்' என்பதாம்.

'ஷாம்பு' என்ற சொல்லும் இந்நாட்டிலிருந்து போனதே. பிசைதல், அமுக்குதல் எனப் பொருள்படும் இந்திச் சொல்லின் திரிபு அது. பாட்னாவில் 1759ஆம் ஆண்டு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த ஷேக் தீன் முஹம்மது என்பவர் இங்கிலாந்து சென்று, பிரைட்டன் நகரில் நீராவிக் குளியலகம் நடத்தி, மூலிகை ஆவியில் உடலைப் பிசைந்துவிடும் சிகிச்சையால் புகழெய்தினார். நான்காம் ஜார்ஜ் மன்னரும் நான்காம் வில்லியம் மன்னரும் அவரைத் தம் ஷாம்பு மருத்துவராக அமர்த்தினர். 1822ஆம் ஆண்டு அவர் இச்சிகிச்சை பற்றி ஒரு நூலும் எழுதினார். கைத்தொழிலைக் குறித்த சொல் பின்னாளில் தலைகழுவும் நீர்மத்திற்குப் பெயராயிற்று.

பாத்திரம் கழுவிய நீரும் பல்கலைக் கழகமும்

நுரையின் இரகசியத்தைத் துலக்கியவர்களுள் ஒருவர் வீட்டோடு இருந்த ஒரு பெண்மணி என்பது நாம் நினைவிற்கொள்ளத் தக்கது. ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் வாழ்ந்த ஆக்னஸ் பொக்கல்ஸ் பல்கலைக் கழகத்தில் பயின்றவரல்லர்; பெண்களுக்கு அக்கதவு அந்நாளில் அடைத்திருந்தது. பெற்றோரைப் பேணிக்கொண்டே, சமையலறைத் தொட்டி நீரின்மேல் எண்ணெயும் சவுக்காரமும் செய்யும் மாற்றங்களைத் தாமே அமைத்த எளிய கருவியால் அளந்தார். நீரின் பரப்பு இழுவிசை எவ்வாறு குறைகிறது என்று கண்டு, ஆங்கில அறிஞர் ரேலி பிரபுவுக்கு எழுதினார். அவர் அதை 1891ஆம் ஆண்டு 'நேச்சர்' இதழில் வெளிவரச் செய்தார்.

1913ஆம் ஆண்டு பிரிஸ்டல் நகரத்து அறிஞர் ஜேம்ஸ் வில்லியம் மெக்பெயின் மற்றோர் உண்மையை முன்வைத்தார். நீரில் சவுக்காரம் ஓரளவைத் தாண்டியதும் துகள்கள் தனித்தனியே திரிவதை விட்டு, வால்களை உள்ளே ஒளித்துத் தலைகளை வெளியே காட்டி உருண்டைகளாகக் கூடுகின்றன. இக்கூட்டத்திற்கு மிசெல் என்று பெயர். இதன் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரின் இலட்சத்தில் ஒரு பங்கு அளவினதே.

தோலைப் பற்றிய அறிவும் உடன் வளர்ந்தது. மேல்தோலின் வெளிப்படலம் தாளினும் மெல்லியது. இறந்த உயிரணுக்கள் செங்கற்களாகவும் கொழுப்புப் பொருள்கள் சாந்தாகவும் அமைந்த சுவர் அது. அதன்மேல் இலேசான அமிலத்தன்மை படர்ந்திருக்கிறது என்பதை ஷாடே, மார்க்கியோனினி என்னும் ஜெர்மானிய மருத்துவர்கள் 1928ஆம் ஆண்டு 'அமிலப் போர்வை' என்று பெயரிட்டு விளக்கினர். அதன் அளவு பி.எச். 5ஐ ஒட்டியது. சவுக்கார நீரோ பி.எச். 9 முதல் 10 வரை காரமுடையது.

இனி, கடுமை என்பது யாது என்று தெளிவாகச் சொல்லிவிடலாம். கூட்டத்தில் சேராது தனித்துத் திரியும் துகள்கள் சுவரின் புரதத்தைப் பற்றி ஊதச்செய்கின்றன. சாந்தாகிய கொழுப்பையும் அழுக்கென்று எண்ணிக் கரைத்தெடுக்கின்றன. கழுவியபின் தோல் இறுகி வெளுப்பது தூய்மையின் அடையாளமாகாது. சுவர் பழுதுபட்டதன் அறிகுறி அது.

மென்மை பிறந்த வழி

முதல் உலகப்போரில் கொழுப்புக்குப் பஞ்சம் நேர்ந்த ஜெர்மனியில் செயற்கைச் சலவைப் பொருள்கள் தோன்றின. 1930களில் சோடியம் லாரில் சல்பேட் போன்றவை பரவின. கடினநீரிலும் அவை திரிந்து வெண்கசடாவதில்லை. சவுக்காரம் போல் காரமாயிருக்கவேண்டிய கட்டாயமும் இல்லை. ஆனால் சோடியம் லாரில் சல்பேட் சிறிய தலையும் 12 கரியணு வாலும் உடையது. தோலில் எளிதாய் நுழைவது. தோலுக்கு எரிச்சல் உண்டாக்கிச் சோதிக்கும் ஆய்வுகளில் மருத்துவர்கள் இன்றும் அதையே அளவுகோலாகக் கொள்கின்றனர்.

அதன்பின் மென்மைக்குப் பல வழிகள் காணப்பட்டன. தலையைப் பெரிதாக்கித் துகள் தோலுக்குள் நுழையாமல் தடுப்பது ஒன்று. நேர்மின்னும் எதிர்மின்னும் ஒருங்கேயுள்ள பீட்டெய்ன் போன்ற துணைச்செயலியைக் கலப்பது மற்றொன்று. கலந்தபோது மிசெல்கள் எளிதிற் கூடுகின்றன. தனித்துத் திரியும் துகள்கள் குறைகின்றன. கண்ணெரிச்சல் தராத குழந்தை ஷாம்புகள் 1950களில் மேலைநாடுகளில் வந்தன. சவுக்காரமல்லாத செயலியைக் கொண்டு தோலின் இயல்புக்கு நெருங்கிய பி.எச். அளவில் செய்த 'டவ்' கட்டி 1957ஆம் ஆண்டு அமெரிக்காவில் அறிமுகமாயிற்று. ஃப்ரோஷ், கிளிக்மன் என்னும் தோல் மருத்துவ அறிஞர்கள் 1979ஆம் ஆண்டு பல சவுக்காரங்களைத் தோலின்மேல் வைத்து ஒப்பிட்டபோது அவற்றிடையே பெரும் வேறுபாடு இருப்பது வெளிப்பட்டது.

மூன்றாவது வழி நமக்குச் சுவையானது. சருக்கரையைத் தலையாகவும் கொழுப்பை வாலாகவும் இணைத்த கிளைக்கோசைடு வகையை எமில் ஃபிஷர் என்னும் ஜெர்மானியர் 1893ஆம் ஆண்டிலேயே ஆய்வுக்கூடத்தில் செய்தார். நூறாண்டு கழித்து, 1990களில் அது பெருமளவில் ஆலைகளில் உற்பத்தியாகி, மென்மையான முகக்கழுவிகளில் இடம்பெற்றது. சருக்கரைத் தலை! பூந்திக்கொட்டையின் சபோனினில் இருப்பதும் அத்தகைய தலையன்றோ?

அத்தரும் நீரும்

மிசெலுக்கு இன்னொரு பணியும் உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாத் நகரத்து அறிஞர் அல்கிந்தீ நறுமணப் பொருள்களையும் வடித்திறக்கும் முறைகளையும் பற்றித் தனிநூல் இயற்றினார். அவர் காலத்திலிருந்து மணவினைஞரை வாட்டிய இடர் ஒன்றே: அத்தர் எண்ணெய், நீரில் விட்டால் மிதக்கும். ஒன்றாக்க மதுசாரம் சேர்ப்பது ஒரு வழி. மதுசாரம் தோலை உலரச்செய்யும். அதை விரும்பாத குடும்பங்களும் நம்மிடையே உண்டு.

இங்கே உதவுவது கரைப்புத் துணைப்பொருள். முதலில் துணைப்பொருளோடு அத்தரைக் கலந்து, பிறகு மெல்ல நீர் சேர்த்தால், மணத்துளிகள் மிசெல்களின் வயிற்றில் அடங்குகின்றன. ஒளியலையின் நீளத்தைவிட அவை மிகச் சிறியவை; ஆதலின் நீர் கண்ணாடிபோல் தெளிந்து நிற்கும். துளிகள் பெரிதாயிருப்பின் பால்போல் வெளுத்துவிடும். பாலிசார்பேட் வகைகள் இப்பணிக்குப் பெயர்பெற்றவை. பிரான்சில் 1990களில் தோன்றி, இன்று நம் கடைகளிலும் கிடைக்கும் 'மிசெல் நீர்' முகப்பூச்சைத் துடைத்தெடுப்பதும் இதே முறையால்தான்.

பாலிசார்பேட் 80 என்பதன் வால் ஓலியிக் அமிலம். நம் மணிலாக்கொட்டையின் எண்ணெயில் பாதியாயிருக்கும் அதே அமிலம்!

நம் கையிலுள்ள தேர்வு

1983ஆம் ஆண்டு, விழுப்புரமும் கடலூரும் ஒரே தென்னார்க்காடு மாவட்டமாக இருந்த நாளில், கடலூரிலிருந்து 'சிக்' ஷாம்பு சிறு பொட்டலங்களாகப் புறப்பட்டது. நகரத்துச் செல்வர்க்குரியதாயிருந்த புட்டி ஷாம்புவைச் சிற்றூர்ப் பெட்டிக்கடையின் சரத்தில் தொங்கவிட்ட புரட்சி இந்த மண்ணில் நடந்தது. ஒரு நூற்றாண்டுக்கு முன் மூலப்பொருளை அனுப்பிவிட்டுக் கைகட்டி நின்ற மாவட்டம், முடித்த பொருளை நாட்டுக்கே விற்கலாயிற்று.

கடைச்சரக்கு இல்லத்திற்குள் வந்துவிட்டபின் ஆராய்ந்து தேர்வது நம் கடமை. 'இயற்கை' என்ற சொல்லே மென்மைக்குச் சான்றாகாது. பூந்திக்கொட்டை நுரையும் சீயக்காய் நீரும் கண்ணில் பட்டால் எரியும் என்பதை அறியாதார் யார்? 'மென்மை' என்ற சொல்லும் எல்லார்க்கும் பொருந்தாது. மென்மைக்கெனச் சேர்க்கும் தேங்காய்ப் பீட்டெய்னை அமெரிக்கத் தொடுதோலழற்சி மருத்துவர் சங்கம் 2004ஆம் ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது. உற்பத்தியில் எஞ்சும் மாசுகளே அதன் பெருங்காரணமாகக் கண்டறியப்பட்டன.

பச்சிளங்குழந்தைக்கு அமிலப் போர்வை பிறந்தவுடன் முழுமையாக அமைந்துவிடுவதில்லை. நாட்கணக்கிலும் வாரக்கணக்கிலும் உருவாகிறது. ஆகவேதான் முதற்குளியலை ஒரு நாளேனும் தள்ளிவைக்க உலகச் சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. அக்குழந்தையின் மேனியில் மாவை அழுத்தித் தேய்ப்பதும், மணமும் நுரையும் மிகுந்த சவுக்காரத்தைப் பூசுவதும் அன்பினால் செய்யும் தீங்குகளாகும்.

கொழுப்பின் மூலமும் நாம் கேட்டறிய வேண்டியதே. சவுக்காரத்தின் வாலும் பாலிசார்பேட்டின் வாலும் தேங்காயிலிருந்தும் பனையிலிருந்தும் வரலாம். விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரலாம். வேதியியற் பெயரைப் படித்து அதைச் சொல்லிவிட முடியாது. உற்பத்தியாளரைக் கேட்பதும், சான்று பெற்றதைத் தேர்வதும் அதற்கு வழிகள்.

பட்டுக்கு எது ஆகும், பருத்திக்கு எது ஆகும் என்று பிரித்தறிந்த பாட்டிமாரின் நிதானம் நம்மிடம் இருக்குமாயின் புட்டிமேல் எழுதிய சொல் நம்மை மயக்காது. கழுவியபின் தோல் இறுகுகிறதா, இயல்பாய் இருக்கிறதா? நம் பிள்ளைகளின் மேனி தரும் அந்த விடையைக் கேட்ட பிறகே அடுத்த புட்டியை வாங்குவோமாக.